லூர்த்தம்மா சொல்லாமல் விட்டது

லூர்த்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு பஞ்சாங்கங்கள் அவருக்கு மனப்பாடம். ஒன்று அவருடைய சொந்தக் கத்தோலிக்க வேதத்தின் பஞ்சாங்கம். மற்றது எங்களுடையது. அமாவாசை, கார்த்திகை, ஆடிச் செவ்வாய், புரட்டாசிச் சனி, திருவெம்பாவை பத்து நாள், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் எல்லாம் விரல் நுனியில் இருந்தன. குருநகரிலிருந்து தலையில் பனையோலைக் கடகத்துடன் பஸ் ஏறி, சைவ ஊரான நீர்வேலிக்கு மீன் விற்க வருகிற ஒருவருக்கு அது தெரியாவிட்டால் பிழைப்பு இல்லை. விரத நாளில் வந்தால் கடகம் வந்தபடியே திரும்பிப் போகும். நல்லூர் கொடியேறிவிட்டால் அவர் முஸ்லிம்கள் இருக்கிற சோனகதெருப் பக்கம் போய்விடுவார். தேர், தீர்த்தம் முடிந்து மறுநாள் காலையில் எங்கள் வேலிப் படலையில் அவருடைய குரல் கேட்கும்.

ஒருமுறை அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்தபோது லூர்த்தம்மா தலையில் கை வைத்தார்.

"என்னக்கா சட்டியோடை வாறியள்? நாளைக்குக் கந்தசட்டி தொடக்கமெல்லே! இண்டைக்கு அடுப்பு, பானையெல்லாம் கழுவிற நாள். நான் உங்களுக்கு ஞாபகப்படுத்திப்போட்டுப் போவமெண்டுதான் வந்தனான்."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டியோடு திரும்பினார். அன்று முழுவதும் என் தகப்பனார், அப்பு, சிரித்துக்கொண்டு திரிந்தார். "வேதக்காரிக்குத் தெரிஞ்ச விரதம் எங்கடை பராசக்திக்குத் தெரியேல்லை," என்று வாழைக்குத் தண்ணீர் கட்டும்போதும் சொன்னார்.

லூர்த்தம்மா ஐந்தடி உயரம்கூட இருக்கமாட்டார். வெற்றிலை போடமாட்டார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி சேலையை உயர்த்திச் செருகியிருப்பார். காலை பஸ்ஸில் கண்டக்டருக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையைக் கேட்பதற்காகவே சிலர் அந்த பஸ்ஸில் ஏறுவார்கள்.

"எணை, உந்தக் கடகத்தை இறக்கணை. சனமெல்லாம் மூக்கைப் பொத்துது."

"இப்ப மூக்கைப் பொத்துற சனம் மத்தியானம் வாயைத் திறக்கும்தானே தம்பி. விசிலை ஊது."

அவருடைய கணவர் மரியாம்பிள்ளை கடலேரியில் களங்கண்ணி வலை போடுகிறவர். பிடிப்பவர் அவர், விற்பவர் இவர். பதினைந்து வருடமாக எங்கள் படலைக்கு வெளியே, பூவரச மரத்தின் கீழே கடகத்தை இறக்கி, ஈரச் சாக்கை விலக்கி, ஓரா மீனையும் ஒட்டி மீனையும் கூறு போட்டு வைப்பார். அம்மா படலைக்கு உள்ளே நின்று சட்டியை நீட்டுவார். படலையைத் தாண்டி லூர்த்தம்மா வந்ததில்லை. வா என்று எவரும் சொன்னதுமில்லை. அதைப் பற்றி அந்தக் காலத்தில் நான் யோசித்ததும் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் வாழைத்தோட்டக்காரர் முருகேசுவின் ஒரே பிள்ளை, தில்லைநாதன். எங்கள் பரம்பரையில் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகளைப் போட்ட முதல் ஆள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதலாம் வகுப்பு. கறுப்பு அங்கியோடு நான் நிற்கும் படத்தை அம்மா முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, முருகனுக்குப் பூ வைக்கும்போது எனக்கும் ஒரு பூ வைத்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

அறுபத்தேழாம் ஆண்டு தைப்பொங்கலுக்குப் பேராதனையிலிருந்து வந்தபோது என் பெட்டிக்குள் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அப்புவின் தோட்டத்தில் வாழைகள் நின்ற நிலையில் வாடிப்போகிற நோய் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. பேராசிரியர் படிவத்தைக் கையில் தந்து, "கேம்பிரிட்ஜுக்குப் போடு. உதவிப்பணத்துக்கு நான் எழுதுகிறேன். இடம் கிடைக்கவேண்டியதுதான் முதல் வேலை. மாத முடிவுக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும்," என்று சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தால் அடுத்த வெள்ளிக்கிழமைத் தபாலைத் தவறவிடக்கூடாது.

படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். எந்தக் கல்லூரியில் சேர விரும்புகிறீர், விருப்ப ஒழுங்கில் மூன்றின் பெயரை எழுதுக. கூடவே ஒரு சிறு கைந்நூலும் தந்திருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருந்தன. எதைப் பற்றிக் கேட்பதற்கும் எங்கள் ஊரில் ஆள் இல்லை.

திங்கட்கிழமை பின்னேரம் குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பு தோட்டத்தால் வந்து கால் கழுவிவிட்டுத் தேத்தண்ணீருக்குக் குந்தியிருந்தார். நான் படிவத்தையும் கைந்நூலையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"உதென்ன பேப்பர், தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"சீமையிலை படிக்கிறதுக்கு விண்ணப்பம், அம்மா. எந்தக் கொலிச் எண்டு எழுதவேணும்."

"கொலிச்சோ?" துருவுகிற கை நின்றது. "நீ கொலிச் முடிச்சு எத்தினை வருசம்! பேராதனையும் முடிச்சாச்சு. திருப்பிக் கொலிச்சிலையோ விடப்போறாங்கள்? கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டே?"

"இவன்ரை இங்கிலீசு அவங்களுக்குக் காணாதாக்கும்," என்றார் அப்பு. "கீழ் வகுப்பிலை விட்டுத்தான் ஏத்துவாங்கள்."

எங்கள் நாட்டில் கொலிச் என்றால் பள்ளிக்கூடம். அங்கே அப்படியில்லை என்று விளங்கப்படுத்தினேன். பல்கலைக்கழகம் ஒன்று, அதற்குள் இருபது கொலிச். படிப்பும் சோதனையும் பல்கலைக்கழகத்தில். சாப்பாடு, படுக்கை, ஒரு புத்திமதி சொல்ல ஆள், இவ்வளவும் கொலிச்சில்.

அப்பு ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தார். "செல்வச்சந்நிதியிலை மடங்கள் இருக்கிறமாதிரி எண்டு சொல்லன். கோயில் ஒண்டு. நீ எந்த மடத்திலை சோறு திண்டாலும் கும்பிடுறது ஒரு முருகனைத்தான்."

அதைவிடச் சரியாக எந்தக் கைந்நூலும் சொல்லவில்லை. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அங்கேதான் பிழை விட்டேன். கல்லூரிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். படித்த பிள்ளை என்கிற பெருமையில் ஒவ்வொன்றையும் தமிழாக்கிச் சொன்னேன்.

"இது யோவான் கொலிச். இது பேதுரு. இது மரியமதலேன். இது திரித்துவம். இது இயேசு கொலிச், இது கிறிஸ்து கொலிச்..."

"நிப்பாட்டு," என்றார் அம்மா.

"என்னம்மா?"

"மடமெண்டு சொன்னாய். உதுகள் மடமே? வேதக்காரர் கொடியேத்தத்திலை சொல்லுற பிரார்த்தனைமாதிரிக் கிடக்கு. வேறை பேரிலை ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. "அரசன்ரை பேரிலை ஒண்டு இருக்கு," என்று அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். கெட்ட காலம், அந்தக் கல்லூரிக்குத்தான் அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். நான் கையால் மறைப்பதற்குள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டார். படத்தில் இருந்தது வானத்தைத் தொடுகிற ஒரு தேவாலயம்.

"எல்லாத்திலையும் கோயில் இருக்கோ?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம். ஆனால் போகச்சொல்லிக் கட்டாயமில்லை."

"என்ரை அண்ணைக்கும் கட்டாயமில்லை எண்டுதான் சொன்னவை."

அம்மாவின் தமையன் நமசிவாயத்தை நான் கண்டதில்லை. அந்தக் காலத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தவர். நான்காம் வருடம் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு வேறு பெயரோடு வந்தார். தாத்தா அவரை வீட்டுக்குள் எடுக்கவில்லை. தாத்தா செத்தபோது தந்தி போய், அவர் வந்தார். வெள்ளைக் காற்சட்டையோடு படலையில், பூவரச மரத்தின் கீழே நின்றார். உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. கொள்ளிக்குடத்தை ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் தூக்கினார். பிரேதம் தன்னைக் கடந்து போகும்வரை மரத்தடியில் நின்றுவிட்டு, மாமா அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சீதனமாக அம்மாவுக்கு வந்த வீடு இதுதான். படலையும் அதே படலை.

"என்ரை அப்பு எரிஞ்சது எனக்கு மறந்துபோச்சு," என்றார் அம்மா. "அண்ணை நிண்டது மறக்கேல்லை. எனக்கு ஒரு பிள்ளை. நான் கண்ணை மூடினால் கொள்ளி வைக்க வேறை ஆளில்லை. நீயும் படலையிலை வந்து நிக்கப்போறியோ?"

"நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் இதை அனுப்பமாட்டன், அம்மா."

வாயிலிருந்து போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று எனக்குத் தெரிந்தது. அப்புவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணீர் குடித்த மூக்குப்பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உது கொம்மாவின்ரை தமையன்ரை விசயம், அவதான் சொல்லவேணும்," என்று எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை லூர்த்தம்மா வந்து கூப்பிட்டார். அம்மா சட்டியோடு போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. வியாழக்கிழமை லூர்த்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பராசக்தியக்கா! இண்டைக்கு என்ன விரதம்? என்ரை கணக்கிலை ஒண்டும் வரேல்லையே!"

"இது உன்ரை பஞ்சாங்கத்திலை இல்லாத விரதம்," என்று அம்மா கிணற்றடியில் நின்றபடியே சொன்னார். பிறகு ஈரக் கையோடு படலைக்கு வந்து, மூன்று நாளாக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார். "உங்கடை ஆக்கள் என்ரை பிள்ளையைப் பிடிக்கப் பாக்கினம்."

நான் படலையருகே வாழைகளுக்கிடையில் நின்றேன். எனக்குக் காது கூசியது.

லூர்த்தம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "உவரைப் பிடிச்சு நாங்கள் என்னக்கா செய்யிறது? வலை இழுப்பாரோ? வள்ளம் தள்ளுவாரோ? எங்கடை கோயிலிலை ஞாயிற்றுக்கிழமை வாற சனத்துக்கே குந்தியிருக்க வாங்கு காணாமல் கிடக்கு."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். லூர்த்தம்மா சாத்திய படலைக்குக் கிட்ட வந்தார். "தம்பி, எப்ப அனுப்பவேணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு. நாலு மணித் தபால்." கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மீன் ஏறாது. அவர்களுக்கோ வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, மீன்தான் சாப்பாடு. ஆகவே லூர்த்தம்மா வெள்ளிக்கிழமைகளில் குருநகரைவிட்டு அசைவதில்லை. அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் படலையில் ஒரு பெண் நிற்பதைக் கண்டபோது எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. தலையில் கடகம் இல்லை. கணுக்கால்வரை இறங்கிய நீலக்கரைச் சேலை கட்டி, தலைமயிரை எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

"பராசக்தியக்கா!"

அம்மா வெளியே வந்தார். பூவரச மரத்தின் கீழே கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிற ஆளைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

"படலையிலை நிண்டு கதையாதை," என்றார் அம்மா. "உள்ளை வா."

பதினைந்து வருடத்தில் முதல்தரமாக லூர்த்தம்மா எங்கள் வளவுக்குள் கால் வைத்தார். விறாந்தையில் பாயின் ஓரத்தில் இருந்தார். அம்மா குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினார். எதில் கொடுப்பது என்று பாத்திரத் தட்டுக்கு முன்னால் அவர் சற்று நேரம் நின்றதை நான் கண்டேன். பிறகு அப்புவின் மூக்குப்பேணியை எடுத்தார்.

லூர்த்தம்மா அண்ணாந்து குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"நேற்று நான் பகிடி விட்டிட்டுப் போட்டன். ராத்திரி மனிசன் ஏசினவர், பெத்தவள் அழேக்கை பகிடி விடுவியோ எண்டு. அதுக்குத்தான் வந்தனான். அக்கா, நான் ஒண்டு கேக்கிறன். பதினைஞ்சு வருசமா உங்கடை விரதமெல்லாம் எனக்குப் பாடம். மெய்யோ?"

"ஓம்."

"உங்களுக்கு மறந்த கந்தசட்டி எனக்கு ஞாபகம். மெய்யோ?"

"அதை விடன் இப்ப."

"நல்லூரான் கொடியேறினால் என்ரை வீட்டு அடுப்புமெல்லே பாதி எரியுது! உங்கடை சாமியின்ரை நாளெல்லாம் பார்த்துப் பார்த்து நடக்கிறன். அதுக்காக நான் திருநீறு பூசினனானோ? பிழைப்புக்கு வாற இடத்திலை அந்த இடத்தின்ரை நாள் கிழமை தெரிஞ்சிருக்கவேணும். அவ்வளவுதான். உவர் படிப்புக்குப் போறார். அவங்கடை மணி அடிக்கேக்கை எழும்பவேணும், சோத்துக்கு முன்னம் அவங்கள் ஏதும் முணுமுணுத்தால் வாயை மூடிக்கொண்டு நிக்கவேணும். நான் உங்கடை படலையிலை நிக்கிறமாதிரி."

அம்மா சேலைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பாராமலே, "அந்தப் பேருகளை இவவுக்கு வாசி," என்றார்.

நான் ஓடிப்போய்க் கைந்நூலை எடுத்துவந்து வாசித்தேன். லூர்த்தம்மா மீன் தெரிந்தெடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"பேதுருவோ? எங்கடை ஆள்தான், வலை எறிஞ்சவர். ஆனால் சேவல் கூவுறதுக்குள்ளை மூண்டுதரம் சொன்ன சொல்லை மாத்தினவர். சோதனைக்குப் போற பிள்ளைக்கு அவர் வேண்டாம். யோவானெண்டு ரெண்டு பேர் இருக்கினம். எந்த யோவானெண்டு எழுதியிருக்கோ? இல்லையோ? அப்ப விடு. மரியமதலேனம்மா நல்லவ, ஆனால் அழுகை கூட. அழுகிறதுக்குக் கொம்மாவே காணும்."

"கத்தரீனாள் எண்டு ஒண்டு இருக்கு," என்றேன்.

லூர்த்தம்மா நிமிர்ந்து இருந்தார். "அர்ச்சியசிஷ்ட கத்தரீனம்மாவோ? அவதான் அக்கா! படிக்கிற பிள்ளையளுக்கெண்டே உள்ளவ. எங்கடை கோயிலடியிலை அவவின்ரை கதையைக் கூத்தாப் போட்டவை. விடிய விடிய. என்ரை மனிசனும் ஆடினவர்."

அம்மாவுக்குக் கூத்து என்றால் உயிர். "அவ ஆர்?"

"ராசாத்தி. பதினெட்டு வயசு. படிக்காத சாத்திரமில்லை. அங்கை ஒரு கொடும் ராசா. இவவைக் கதைச்சு மடக்கவேணுமெண்டு தன்ரை நாட்டிலை இருந்த பண்டிதமார் ஐம்பது பேரைக் கூப்பிட்டு ஒரு பக்கம் நிப்பாட்டினான். இவ மற்றப் பக்கம் தனிய. ஐம்பது பேரும் ஒராள் மாறி ஒராள் கேக்கினம், இவ சொல்லுறா. கேக்கினம், சொல்லுறா. எங்கடை கூத்திலை ஐம்பது பேருக்கு ஆள் காணாமல் ஆறு பேர்தான் நிண்டவை. என்ரை மனிசன் ஆறாவது பண்டிதர். அவருக்கு ஒரு கேள்விதான். அதையும் மறந்துபோய் இருமிப்போட்டு நிண்டார். அதுக்கும் அவ மறுமொழி சொன்னா!"

அம்மா சிரித்தார். ஐந்து நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"எங்கடை சம்பந்தர் சமணரோடை வாதாடினமாதிரி," என்றார்.

"அப்பிடித்தான் அக்கா. ஐம்பது பண்டிதரையும் மடக்கிப்போட்டா. அந்த அம்மாவின்ரை வீட்டிலை இருந்து படிச்சால் ஆருக்கும் பயப்பிடத்தேவையில்லை."

"பொம்பிளைப்பிள்ளை," என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "தனிய நிண்டு... ஐம்பது பேர்..." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதை முதலாவதா எழுது. மிச்சம் ரெண்டும் நீ விரும்பினதை எழுது."

பேனையை எடுத்து எழுதி, படிவத்தை உறையில் போட்டு ஒட்டினேன். அம்மா சாமியறைக்குப் போய் வந்து, உறையின் ஒரு மூலையில் திருநீற்றுக் கையால் தொட்டார். வெள்ளை விரல் அடையாளம் ஒன்று விழுந்தது. அதை நான் துடைக்கவில்லை.

மூன்றரை மணிக்கு உறையோடு சந்திக்கு நடந்தேன். லூர்த்தம்மாவும் பஸ்ஸுக்கு என்னோடு வந்தார். வழி முழுவதும் கடகம் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நடந்தார். தபாற்கந்தோர் தெரிகிற இடத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, நான் கொம்மாவுக்கு முழுக் கதையும் சொல்லேல்லை."

"என்ன மிச்சம்?"

"அந்த ஐம்பது பண்டிதரும்..." தரையைப் பார்த்தார். "தோத்துப்போய் அவையும் வேதத்துக்கு மாறிப்போட்டினம். ஐம்பது பேரும். கூத்திலை அதுதான் பெரிய கட்டம். என்ரை மனிசனும் முழங்காலிலை நிண்டவர். நான் அதை விழுங்கிப்போட்டன். பொய் சொல்லேல்லை, ஆனால் சொல்லாமல் விட்டன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்திலை சாமியாருக்குச் சொல்லத்தான்வேணும். உங்களுக்குச் சொல்லாமல் போக மனம் வரேல்லை."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

தபாற்கந்தோர் நூறு யார் தூரத்தில் இருந்தது. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம். உறையை உள்ளே தள்ளிவிட்டால் என் காரியம் முடிந்தது. அம்மா ஓம் என்று சொன்னது மெய்தான். ஆனால் எதற்கு ஓம் சொன்னார்? மாமா நின்ற படலையை நினைத்தேன். அரைக் கதைக்குக் கிடைத்த ஓம், ஓம்தானா? உறையில் இருந்த திருநீற்று விரலைப் பார்த்தேன். திரும்பி வீட்டுக்கு ஓடத் தொடங்கினேன். வேட்டி தடுக்கி ஒருமுறை விழப்பார்த்தேன்.

அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். "என்ன, கந்தோர் பூட்டிப்போட்டாங்களோ?"

"இல்லையம்மா." எனக்கு மூச்சு வாங்கியது. "அந்த ஐம்பது பண்டிதரும் இருக்கினமெல்லே. அவை பிறகு..."

"மாறிப்போட்டினம்," என்றார் அம்மா.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

"தோத்தவை பின்னை என்ன செய்வினம்? சம்பந்தரிட்டைச் சமணர் தோத்த உடனை அவையின்ரை ராசா திருநீறு பூசினது எனக்குத் தெரியாதே? இந்த ஐம்பது பேரும் பிறகு என்னானவை எண்டு கேக்க எனக்கு வாய் உன்னினதுதான். கேட்டால் லூர்த்தம்மா உள்ளதைச் சொல்லுவா. அவ பொய் சொல்லமாட்டா. சொன்னால் நான் ஓம் எண்டு சொல்லேலாது. அதாலை கேக்கேல்லை."

"அப்ப... நான் போகலாமோ?"

அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தார். "பதினைஞ்சு வருசமா ஒருத்தி எங்கடை கோயில் நாளெல்லாம் பார்த்துப் பார்த்து வந்து போறா. அவ அவவாத்தான் இருக்கிறா. அண்ணைக்குப் பதினாலு வயசு. உனக்கு இருபத்தாறு. நீ இப்ப கந்தோர் வாசலிலையிருந்து திரும்பி ஓடி வந்திருக்கிறாய். நீ படலையிலை நிக்கமாட்டாய்." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "அந்த ஐம்பது பேரும் அவவோடை எதிர்த்துக் கதைச்சுத்தான் மாறினவை. நீ ஆரோடையும் வாதாடப் போகாதை. வாழையைப் படிச்சுப்போட்டு வா. வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் தொடாதை. ஓடு, தபாலை எடுத்துப்போடப்போறாங்கள்!"

ஓடினேன். சிவப்பு வாகனம் சந்தியில் நின்றுகொண்டிருந்தது. தபால்காரர் சாக்கின் வாயைக் கட்டிவிட்டார். என் கோலத்தைக் கண்டு திரும்ப அவிழ்த்தார்.

சித்திரையில் பதில் வந்தது. முதலாவதாக எழுதிய கல்லூரியே எடுத்துக்கொண்டது. பேராசிரியர் எழுதிய உதவிப்பணமும் ஆடியில் சரிவந்தது. புரட்டாசியில் புறப்பட்டேன். அந்தக் கல்லூரியின் சின்னம் ஒரு சக்கரம். வாசலில் அதைக் கண்டபோது ஐம்பது பேருக்கு ஆறு பேராக நின்ற குருநகர்ப் பண்டிதர்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

போன முதல் வாரமே ஒரு சங்கடம். நீண்ட மேசையில் எல்லோரும் எழுந்து நிற்க, ஒருவர் இலத்தீனில் ஏதோ சொன்னார். நான் லூர்த்தம்மா சொன்னதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு சாப்பாடு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. தட்டில் பெரிய மீன் துண்டு! விசாரித்தால், அங்கே வெள்ளிக்கிழமைதோறும் மீன்தானாம், பழைய காலத்து வழக்கமாம். செவ்வாயும் புதனும் இறைச்சியைத் தந்துவிட்டு, நான் தொடக்கூடாத ஒரே நாளில் மீனைத் தந்தார்கள். மீனை ஒதுக்கிவிட்டு அவித்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோவாவையும் சாப்பிட்டேன்.

இதை வீட்டுக்கு எழுதினேன். அம்மாவின் மறுமொழியின் அடியில் லூர்த்தம்மா சொல்லச்சொன்னதாக நாலு வரி இருந்தது. "தம்பி, சாமியார் சிரிச்சுப்போட்டு மூண்டு செபம் சொல்லச்சொன்னவர். கொம்மாவுக்கு முதலே தெரியுமெண்டு பேந்துதான் எனக்குத் தெரியும், அந்த மூண்டு செபமும் வீண். அங்கை வெள்ளிக்கிழமையிலை மீன் விக்கிறவள் குடுத்துவைச்சவள். அவவுக்கு என்ரை சுகம் சொல்லவும்."

மூன்று வருடம் கழித்து, எழுபதாம் ஆண்டு, யாழ்தேவி ரயிலால் இறங்கினேன். மேடையில் நின்ற அம்மா முதலில், சிலுவை கிடக்கிறதோ என்று என் கழுத்தைப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார். மடியில் இருந்த திருநீற்றை எடுத்து நெற்றி நிறையப் பூசினார். அப்பு பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "உள்ளை வாழைக்கிழங்கோ, இவ்வளவு பாரம்?" என்றார். கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டின் பிரதிகள் அவை. எங்கள் பரம்பரையில் முதலாவது என்று இன்னொருதரம் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போதும் கூச்சமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்கவில்லை. நானே சொன்னேன். மூன்று வருடமும் உருளைக்கிழங்கு.

மறுநாள் சனிக்கிழமை, விரதமில்லாத சனி. விடிந்து ஏழு மணிக்கு லூர்த்தம்மா வந்தார். கடகத்தைப் பூவரச மரத்தடியில் இறக்கவில்லை. படலையைத் தானே திறந்துகொண்டு கிணற்றடிவரை வந்து இறக்கினார். எப்போதிருந்து இப்படி என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை. சாக்கை விலக்கி, பெரிய ஓரா ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"என்ன தம்பி, சொல்லுங்கோ பாப்பம். சீமைக் கொலிச்சிலை படிச்சுப்போட்டு வந்தவருக்கு இதுக்கு என்ன பேரெண்டு தெரியுமோ, மறந்துபோச்சோ?"